மெசேஜ் வந்தபின் பேசுவதை விட்டுவிட்டோமா?

கேள்வி: மார்ச் 2, மாலை 6.15

என் மகள் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, 'அப்பா, ஹால் விளக்கை அணைங்க' என்று மெசேஜ் அனுப்புகிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்ந்த அடுத்த நொடி 'என்ன?' என்று மெசேஜ் வருகிறது. அப்படியென்றால் போன் கையில்தானே இருக்கிறது! குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில்: மார்ச் 2, இரவு 9.50

மறுக்கிறேன். முழுதாக அல்ல, முக்கால்வாசி.

பேசிக்கொண்டிருந்தோம் என்கிறோமே, போனில் அப்படி என்னதான் பேசினோம்? 'எங்க இருக்க?' 'வந்துட்டேன்.' 'சாவி யார்கிட்ட?' 'உன்கிட்டதான்.' இதற்கு நடுவில் 'ஹலோ, கேக்குதா, ஹலோ' என்று நாலு தடவை. இன்று மெசேஜில் போவது பெரும்பாலும் இந்தச் சரக்குதான். இது போய்விட்டதே என்று யாரும் துக்கம் காக்க வேண்டியதில்லை.

அப்புறம், போன் அடிப்பது என்பது கதவைத் தட்டுவது. எதிராளி குளித்துக்கொண்டிருந்தாலும், அப்போதுதான் குழந்தையைத் தூங்கவைத்திருந்தாலும் ஓடிவந்து திறந்தாக வேண்டும். மெசேஜ் என்பது கதவிடுக்கில் சீட்டைச் செருகிவிட்டுப் போவது. முடிந்தபோது எடுத்துப் படி, தோன்றும்போது பதில் சொல். இரண்டில் எது மரியாதை? உங்கள் மகள் உங்களை மதிக்கிறாள் என்றுகூட வாதாடலாம். (விளக்கு விஷயத்தில் வாதாட மாட்டேன். அது சோம்பல்.)

1992 டிசம்பர் 3ஆம் தேதி ஒரு செல்போனிலிருந்து இன்னொரு செல்போனுக்கு முதல் குறுஞ்செய்தி போனது. அதற்கு முன்னால் மட்டும் எல்லாரும் பேசிக்கொண்டா இருந்தார்கள்? என் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருடம் பேசவில்லை. ஒரே சுவர், இரண்டு வீடு. அப்போது மெசேஜ் கிடையாது.

மார்ச் 3, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. முதல் குறுஞ்செய்தி செல்போனிலிருந்து போகவில்லை. பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது பொறியாளர் அதைக் கணினியில் அடித்து அனுப்பினார். வாங்கியவர் வோடஃபோனைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸ்; அவர் கையில் இருந்தது ஆர்பிடெல் 901 என்ற கனத்த போன். செய்தி, 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. தேதி சரி, மற்றது தப்பு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தப் போனில் செய்தியைப் படிக்கலாம், திருப்பி அடித்து அனுப்ப முடியாது. ஆக, உலகத்தின் முதல் மெசேஜுக்கே பதில் மெசேஜ் போகவில்லை. 'பார்த்துட்டு ரிப்ளை பண்ணலையே' என்று புலம்புகிறவர்கள் எல்லாம் பாப்வொர்த்தை நினைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 3, இரவு 11.05

குறுஞ்செய்தி ஏன் இவ்வளவு பரவியது என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவு என்பது பாதிக் காரணம்தான். இன்னொரு பாதி, அது மிச்சத்தில் பிறந்தது.

அழைப்பு வந்தால் உங்கள் போனைத் தேடிப்பிடித்து மணி அடிக்கவைக்க, பேச்சு போகும் பாதை தவிரத் தனியாக ஒரு சமிக்ஞைப் பாதை வலையமைப்பில் உண்டு. அது பல நேரம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் சின்னச் சின்ன வாக்கியங்களை அனுப்பினால் என்ன என்று 1980களின் நடுவில் ஜிஎஸ்எம் என்ற செல்போன் தரத்தை வகுத்தவர்கள் யோசித்தார்கள். இடம் கொஞ்சம், ஆகவே செய்தியும் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம்? அவர்களில் ஒருவரான ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1985ல் பான் நகரத்தில் தன் வீட்டு டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, மனதில் வந்த வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணியிருக்கிறார். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து. ஏறக்குறைய எல்லாமே 160க்குள் அடங்கிவிட்டன. தபால் கார்டுகளிலும் டெலக்ஸ் என்ற தட்டச்சுத் தந்தியிலும் மக்கள் எழுதியதைப் பார்த்தால், அங்கேயும் இதே கதை. ஒரு மனிதனுக்கு ஒரு நேரத்தில் சொல்ல 160 எழுத்துக்கு மேல் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள். என் பெரியம்மாவை அவர்கள் பார்த்ததில்லை.

கணக்கு இதுதான்: ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1120 பிட் (பிட் என்பது கணினியின் மிகச் சின்ன அளவு, எட்டு சேர்ந்தால் ஒரு பைட்). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், 160 வரும். தமிழுக்கு எழுத்து ஒன்றுக்கு 16 பிட் வேண்டும். வகுத்தால் 70. நமக்கு 70 எழுத்துதான்.

மார்ச் 4, காலை 6.40

70 எழுத்துகூட இல்லை. ராத்திரி படுத்தபின் உறைத்தது.

கணினிக்கு நம் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை நாம் எண்ணினால் 11 எழுத்து. அது எண்ணினால் 21. முன்னால் 'நான்' என்று சேர்த்து, நடுவில் ஓர் இடமும் விட்டால் 26. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. 70ஐத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், உடைந்தால் ஒவ்வொரு துண்டிலும் 67தான், ஏனென்றால் துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டும். 150 எழுத்து ஆங்கிலத்துக்கு நடுவே ஒரே ஒரு 'ஐ' போட்டால்கூட மொத்தச் செய்தியும் 16 பிட் கணக்குக்கு மாறி மூன்று துண்டாகிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் காசு பிடித்த காலத்தில் ஒரு தலைமுறையே தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியது. மொழிப்பற்று இல்லை என்று அப்போது திட்டினார்கள், நானும் திட்டியிருக்கிறேன். அப்போது பல போன்களில் தமிழ் எழுத்தே கிடையாது. அனுப்பினால் எதிர்ப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் யார்?

மார்ச் 4, மதியம் 1.30

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்கிறீர்கள். சரி, வாழ்க்கைக்கு வருகிறேன்.

என் அக்கா வீடு மாறினாள். 'ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வந்து சாமான் ஏத்த உதவுவியா, உனக்கு வேலை இருந்தா பரவால்ல' என்று ஒரு மெசேஜ். அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். 'சரி.' என்று அடித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். கவனியுங்கள், சரிக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். வாக்கியம் முடிந்தால் புள்ளி.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். கூலிக்கு ஆள் வைத்திருந்தாள். 'நீ எதுக்கு வந்த, உனக்குத்தான் இஷ்டமில்லையே' என்றாள். இஷ்டமில்லை என்று யார் சொன்னது? போனை எடுத்துக் காட்டினாள். அந்தப் புள்ளி. 'எப்பவும் சரிக்கா, கண்டிப்பா வரேன்கா என்று போடுவாய், இது என்ன, வாசல் கதவை அறைஞ்சு சாத்தின மாதிரி?' நான்கு நாள் அதை வைத்து உள்ளுக்குள் சண்டை போட்டிருக்கிறாள், என்னோடு, நான் இல்லாமலேயே.

அவள் ஒரு மாதிரி என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 2015ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 126 மாணவர்களிடம் சின்னச் சின்ன உரையாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு சொல் பதில், புள்ளியோடும் புள்ளியில்லாமலும். மெசேஜாகக் காட்டியபோது புள்ளி வைத்த பதில் அவ்வளவு மனப்பூர்வமாக இல்லை என்றார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது வித்தியாசம் தெரியவில்லை. அக்கா மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை. புள்ளிக்கு வேலை மாறிவிட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

இதைவிடப் பழையது ஒன்று, மின்னஞ்சலை வைத்துச் செய்தது. 2005ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் சகாக்களும் ஆட்களை உட்காரவைத்துச் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதச் சொன்னார்கள். படிப்பவர்கள் எவ்வளவு சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால், எழுதியவர்கள் 78 சதவீதம் என்றார்கள். உண்மையில் கண்டுபிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். நம் குரல் நம் காதுக்குள் ஒலிக்க ஒலிக்க அடிக்கிறோம்; போய்ச் சேர்வது எழுத்து மட்டும்.

இந்தத் தலைவலி செல்போனுக்கு முந்தியது. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானி ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவையாக எழுதியதை ஆட்கள் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான், முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஓர் அடைப்புக்குறி சேர்த்துப் படுத்துக்கொண்டு சிரிக்கும் முகத்தைப் பரிந்துரைத்தார்.

மார்ச் 4, மாலை 5.10

தமிழில் புள்ளிகூட வேண்டாம். என் மனைவி 'வரேன்' என்று போட்டால் வருகிறாள். 'வருகிறேன்' என்று போட்டால் கோபமாக வருகிறாள். எழுத்துத் தமிழ் முழுசாக வந்து நின்றால், வீட்டுக்குள் யாரோ செருப்போடு வந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 4, இரவு 10.00

'ம்' பற்றிக் கேட்டவருக்கு: ஒற்றை 'ம்' என்றால் கேட்டுக்கொண்டேன், மேலே பேசாதே. 'ம்ம்' என்றால் ஒப்புக்கொள்கிறேன். 'ம்ம்ம்' என்றால் யோசிக்கிறேன், முடிவு உனக்குப் பிடிக்காது. நான்குக்கு மேல் போனால் தூக்கத்தில் விரல் பட்டுவிட்டது என்று பொருள். இது என் அனுபவம், யாரும் இதை வைத்து வீட்டில் சண்டை போட வேண்டாம்.

மார்ச் 6, இரவு 9.15

இரண்டு நாள் எழுதவில்லை. அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் காது மெல்ல மெல்லப் போனது. நேரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவார், உதட்டைப் படிப்பார். போனில் முடியவில்லை. நான் ஒன்று கேட்பேன், அவர் ஒன்று சொல்வார். கடைசியில் 'எல்லாம் சௌக்கியம், வச்சிடட்டுமா' என்பார். அது பதில் அல்ல, பின்வாங்கல். மூன்று வருடம் எங்கள் உரையாடல் அந்த ஒரு வாக்கியம்தான். அவர் பேச விரும்பவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கத்தவைக்கிறோமே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு பழைய போனைக் கொடுத்து மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். ஆள்காட்டி விரலால், அழைப்புமணியை அழுத்துவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக அடிப்பார். முதல் செய்தி வர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பின் அணை உடைந்த மாதிரி. மூன்று வருடத்துக் கதையும் வந்தது. ராத்திரி முழங்கால் வலிப்பது, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டியது, பெரியப்பா (ஆமாம், அதே பெரியப்பா) கனவில் வந்தது. நேரில்கூட இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதில்லை.

அவருக்குச் சில விதிகள் உண்டு. தப்பாக அடித்துவிட்டால் அடுத்த மெசேஜில் திருத்தம் வரும்: 'முன் அனுப்பியதில் மறுந்து என்று உள்ளதை மருந்து என்று திருத்திப் படிக்கவும்.' எனக்குப் புரிந்துவிட்டது என்றாலும் திருத்தம் நிற்காது. மெசேஜ் அனுப்பியதும் ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். எதிர்ப்பக்கம் யார் எடுத்தாலும் அவருக்குக் கேட்காது. 'அனுப்பியிருக்கேன், பாரு' என்பதுதான் அந்த மணி. நான் முதல் நாள் கதவைத் தட்டுவது, சீட்டு வைப்பது என்று அழகாக இரண்டாகப் பிரித்தேன் அல்லவா? அவர் சீட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டும் போகிறார்.

காது கேளாதவர்களுக்கு இந்த வழி முதலில் யோசிக்கப்பட்டது செல்போனில் அல்ல. ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் 1964ல், சாதாரணத் தொலைபேசி வழியே டெலிடைப் என்ற தட்டச்சுத் தந்தி இயந்திரங்கள் இரண்டைப் பேசவைக்கும் கருவியைச் செய்தார். ஆனால் இரண்டு பக்கமும் அந்தப் பெரிய இயந்திரம் இருந்தால்தான் ஆயிற்று. சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் வந்த பிறகுதான் காது கேட்பவர், கேளாதவர் என்ற பேதமே இல்லாமல் இரண்டு பேரும் ஒரே கருவியில், ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். 'பேசுவதையே விட்டுவிட்டார்கள்' என்ற வாக்கியத்தை அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மார்ச் 7, காலை 8.00

நேற்று எழுதியது அழுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேள்வி கேட்டவருக்கு அது பதில் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அவர் மகளுக்குக் காது கேட்கும். நியாயம். யோசிக்கிறேன்.

மார்ச் 7, இரவு 11.40

யோசித்ததில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

கதவிடுக்கில் சீட்டு என்றேன். முன்பு அது உண்மை. அனுப்பினால் அனுப்பியதோடு சரி. போய்ச் சேர்ந்ததா, படித்தானா, எதுவும் பெரும்பாலும் தெரியாது. பதில் வராவிட்டால், போன் அணைந்திருக்கும், ஊரில் இல்லை, சிக்னல் இல்லை என்று நூறு சமாதானம் நம் கையில் இருந்தது. 2014 நவம்பரில் வாட்ஸப்பில் நீல டிக் வந்தது. பிறகு அதை அணைத்துவைக்க வழியும் தந்தார்கள். அணைத்தாலும் சந்தேகம், 'எதை மறைக்கிறாய்?'. கூடவே 'கடைசியாகப் பார்த்தது 8.14', 'ஆன்லைன்', 'டைப் செய்கிறார்'. இப்போது அது சீட்டு அல்ல. சீட்டைச் செருகிவிட்டுச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பது.

போன வருடம் ஒரு நண்பனிடம் ஒரு கடினமான விஷயம் கேட்டு அனுப்பியிருந்தேன். இரண்டு டிக் நீலமானது. 'டைப் செய்கிறார்' என்று வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. நான்கு நிமிடம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல. பிறகு நின்றுவிட்டது. அன்று பதில் வரவில்லை. நேரில் கேட்டிருந்தால் இரண்டு நொடி தயங்கி ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பான், நானும் தலையாட்டியிருப்பேன். அவன் எழுதி அழித்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஆகவே என் கருத்தை மாற்றி எழுதுகிறேன். பேச்சு குறையவில்லை. பேசாமல் இருப்பதுதான் முன்பு மாதிரி சும்மா இருக்கவில்லை. முன்பு ஒருவர் பேசவில்லை என்றால் பேசவில்லை, அவ்வளவுதான். இப்போது பேசாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மணியும் நிமிடமும் குத்தி, படித்த முத்திரையும் வைத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வேலையிடத்து மெசேஜ் இதில் தனி ரகம். இரவு பத்தரைக்கு மேலதிகாரி குரூப்பில் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று போடுவார். நாளைக்குத்தான் என்றால் நாளைக்கே சொல்லலாமே? பத்துப் பேர் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்குவார்கள். தூக்காத பதினோராவது ஆள் நான் என்றால் தூக்கம் வராது. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே இந்தத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மார்ச் 8, காலை 9.30

'பிள்ளைகளின் எழுத்து நாசமாகிறது' என்று எழுதியவருக்குச் சுருக்கமாக. சொற்களைக் குறுக்கியது மெசேஜ் தலைமுறை அல்ல. இப்போது எல்லாப் பிள்ளைகளும் அடிக்கும் 'ஓஎம்ஜி' ('ஓ மை காட்' என்பதன் சுருக்கம்) 1917லேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அப்போது ஃபிஷருக்கு 76 வயது. தந்தி கொடுத்தவர்கள் வார்த்தைக்கு வார்த்தை காசு எண்ணிச் சுருக்கியவர்கள்தான். சுருக்கி எழுதுகிறவனுக்கு விரித்து எழுதத் தெரியாது என்பது, சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு நடக்கத் தெரியாது என்பது மாதிரி.

மார்ச் 8, இரவு 8.45

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. சக ஊழியர் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நேரான சாலை, 80 கிலோமீட்டர் வேகம். டிங் என்று சத்தம். தாங்கியில் இருந்த போனை எடுத்து, படித்து, 'ஓகே' என்று அடித்தார். மனதுக்குள் எண்ணினேன், ஐந்து. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். ஐந்து நொடிக்கு 111 மீட்டர். அவ்வளவு தூரம் யாரும் பார்க்காமல் ஓர் இரும்புப் பெட்டி போயிருக்கிறது, அதற்குள் நான். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் அவர் மறுநாளும் அதையே செய்தார். அதன்பின் நான் அவரோடு போகவில்லை, காரணத்தை மெசேஜில்தான் சொன்னேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 8, இரவு 9.05

மறந்தேன்: தொடையில் போன் அதிர்வதுபோல இருந்து, எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாத அனுபவம் எத்தனை பேருக்கு? எனக்கு ஒரு நாள் போனை மேசைமேல் வைத்துவிட்டு வெறும் பையோடு நடக்கும்போதே அதிர்ந்தது. இதற்கு 'மாய அதிர்வு' என்று பெயர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெறும் பையைத் தொட்டுப் பார்த்த என்னை எதிரே வந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 9, காலை 10.20

'நல்லதாக ஒன்று சொல்லுங்கள், அப்பா கதை தவிர' என்றால்: பேரிடர் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் அழைத்தால் செல்போன் கோபுரம் திணறும். பேச, இரண்டு பக்கமும் அந்த நிமிடமே வழி திறந்திருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு அது தேவையில்லை. நடுவில் ஒரு மையம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எதிராளியின் போன் எட்டும்வரை திரும்பத் திரும்ப முயலும். அதனால்தான் இப்படிப்பட்ட நேரத்தில் அழைக்காமல் மெசேஜ் அனுப்பச் சொல்கிறார்கள். கூட்டம் கூட்டவும் இதே குணம் உதவியது. 2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸில் அதிபர் ஜோசஃப் எஸ்ட்ராடா பதவி இழந்தபோது, கறுப்பு உடையில் மணிலாவின் எட்சா சாலைக்கு வாருங்கள் என்று கைமாறிக் கைமாறிப் போன குறுஞ்செய்திகள் பெரும் கூட்டத்தைத் தெருவுக்கு இழுத்தன.

அதே 'கைமாறி' குணம்தான் வதந்தியையும் கொண்டுபோகிறது என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

மார்ச் 11, இரவு 10.30

கேள்வி கேட்டவரின் மகள் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அக்கா மகளிடம் கேட்டேன், கல்லூரியில் படிக்கிறாள். ஏன்டி போன் எடுக்க மாட்டேங்கறீங்க? மெசேஜில்தான் கேட்டேன், வேறெப்படி.

பதில் துண்டு துண்டாக வந்தது.

'போன்ல யோசிக்க டைம் இல்ல மாமா'

'தப்பா சொல்லிட்டா திருப்பி எடுக்க முடியாது'

'அழுதா தெரிஞ்சிடும்'

கடைசி வரியில் நின்றுவிட்டேன். அழுதா? எதற்கு? கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே மூச்சில் நீளமாக ஒன்று. படிப்பு பிடிக்கவில்லை, இரண்டு பாடத்தில் போய்விட்டது, ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லாதீர்கள். நேரில் மாதம் இரண்டு முறை பார்க்கிறேன் அவளை. 'படிப்பெல்லாம் எப்படிப் போகுது?' 'நல்லா போகுது மாமா.' இதுதான் வாய்ப்பேச்சில் எங்களுக்குள் நடந்தது.

நான் அடித்தேன். அறிவுரை மாதிரி இருந்தது, அழித்தேன். மறுபடி அடித்தேன், அதில் 'எங்க காலத்துல' என்று வந்துவிட்டது, அதையும் அழித்தேன். மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது அவளே அனுப்பினாள்: 'டைப்பிங் டைப்பிங்னு வந்து வந்து போகுது. நீங்க யோசிக்கறீங்கன்னு தெரியுது. போதும் மாமா, இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்.'

நான்கு நாள் முன்னால் அதே வார்த்தையைத் திட்டி எழுதியவன் நான். நண்பன் எழுதி எழுதி அழித்ததை அப்போது நான் எப்படிப் படித்தேன், இவள் எப்படிப் படிக்கிறாள். அவனுக்கு இன்று காலை ஒரு மெசேஜ் போட்டேன், பழையதைப் பற்றி அல்ல, சும்மா. பார்க்கலாம்.

அவளை உடனே அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாள் அவளாகவே அழைத்தாள். நாற்பது நிமிடம் பேசினோம். அழுதாள், தெரிந்தது.

(கதையைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். 'புள்ளி வெக்காம எழுதுங்க' என்றாள்.)

மார்ச் 12, மாலை 6.50

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், இதையெல்லாம் படித்துவிட்டு மகளுக்குப் பக்கத்து அறையிலிருந்து 'என்னம்மா பண்ற' என்று மெசேஜ் அனுப்பினாராம். 'அப்பா, போன் ஹேக் ஆயிடுச்சா?' என்று ஓடிவந்து கதவைத் திறந்து கேட்டாளாம். வெற்றிதானே? நேரில் பேசிவிட்டாளே!

மார்ச் 12, இரவு 9.20

மேலே உள்ளதை அடித்து முடிக்கும்போதே ஒரு மணி அடித்து நின்றது. அப்பா. எடுத்துப் பார்த்தேன்.

'நேற்று அனுப்பியதில் வெள்ளிக்கிழமை என்று உள்ளதைச் சனிக்கிழமை என்று திருத்திப் படிக்கவும்.'

நேற்று அனுப்பியது எனக்கு வரவே இல்லை. யாருக்கு அனுப்பினாரோ. 'சனிக்கிழமை என்னப்பா?' என்று கேட்டிருக்கிறேன். இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.